ஆஸ்பத்திரிக் கட்டடமும் நம் உயிரும்

(லூமுட்டில் தொழிலாளர் குடும்பங்களும் ஆஸ்பத்திரிப் பணியாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சம்பளமும் அல்ல, போனஸும் அல்ல. ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஆஸ்பத்திரி என்றால் டாக்டரைப் பற்றிப் பேசலாம், மருந்தைப் பற்றிப் பேசலாம்; கட்டடத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. நோயாளியைக் குணப்படுத்துவது டாக்டரும் மருந்தும்தான். ஆனால் அந்த நோயாளி படுத்திருக்கும் அறை, அதன் கதவு, விளக்கு, தரை, தண்ணீர், காற்று, மின்சாரக் கம்பி, வெளியேறும் படிக்கட்டு ஆகியவை ஒழுங்காக இல்லாவிட்டால் டாக்டர் காப்பாற்றிய உயிரைக் கட்டடம் பறித்துவிடும். இது வெறும் வார்த்தை அல்ல. நம்முடைய நாட்டிலேயே நடந்திருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் மூன்று வகையினர் இருக்கிறீர்கள். தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்று, இன்று சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பெரியவர்கள் ஒரு வகை. அவர்களை அழைத்துப் போய், இரவில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் மருமக்களும் இரண்டாவது வகை. ஆஸ்பத்திரியிலேயே துப்புரவு வேலை, சலவை வேலை, சாப்பாட்டு வேலை, காவல் வேலை செய்யும் சகோதர சகோதரிகள் மூன்றாவது வகை. மூன்று வகையினருக்கும் இந்த விஷயத்தில் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

முதலில் நம் பழைய கதையைச் சற்று நினைத்துப் பாருங்கள். மலாயாவின் கித்தாத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வந்து இறங்கிய காலத்தில் மரத்தைவிட மனிதன்தான் மலிவாக இருந்தான். காய்ச்சலில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்தக் காலத்தில் கிள்ளானில் டாக்டராக இருந்த மால்கம் வாட்சன், 1901-ஆம் ஆண்டில், கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார். மலேரியாக் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. கொயினா மருந்து தேவைதான். ஆனால் மருந்தோடு நின்றிருந்தால் காய்ச்சல் அடங்கியிராது. மனிதன் வாழும் இடத்தைத் திருத்தியதால்தான் அடங்கியது.

இதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் துருக்கியில் ஸ்குட்டாரி என்ற இடத்தில் பிரிட்டிஷ் ராணுவ ஆஸ்பத்திரி இருந்தது. கிரிமியா யுத்தத்தில் காயம்பட்டவர்களை அங்கே கொண்டு வந்தார்கள். காயத்தால் இறந்தவர்களைவிட, அங்கு வந்த பிறகு வயிற்றுப்போக்கிலும் விஷக் காய்ச்சலிலும் இறந்தவர்களே அதிகம். 1854-இல் நர்ஸ் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே போனார். 1855-இல் சுகாதாரக் கமிஷன் ஒன்று வந்து, கட்டடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்து, காற்றோட்டம் உண்டாக்கிய பிறகு மரணம் வெகுவாகக் குறைந்தது. நோயாளியைக் கொன்று கொண்டிருந்தது கட்டடம் என்று உலகம் அப்போதுதான் தெரிந்துகொண்டது.

நம் தோட்ட ஆஸ்பத்திரிகள் எப்படி இருந்தன என்பது பெரியவர்களுக்குத் தெரியும். பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு டிரெஸ்ஸர், சில கட்டில்கள். அவற்றுக்கும் ஒரு தரம் வேண்டும் என்று சட்டம் போட வைத்தது தொழிலாளர் போராட்டமும் கமிஷன்களின் அறிக்கைகளும்தான். தோட்டத் தொழிலாளரின் வீடு, ஆயாக் கொட்டகை, வைத்திய வசதி ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிப் பேசும் 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் அந்த வழியில் வந்ததுதான். இன்று தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. நாம் பட்டணத்து ஓரங்களுக்கு வந்துவிட்டோம். நமக்கு வியாதி வந்தால் இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம். லூமுட்காரர் ஸ்ரீ மஞ்சோங் ஆஸ்பத்திரிக்குப் போவார். அங்கே முடியாவிட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கட்டடம் பெரிதாகிவிட்டது. அபாயமும் அதோடு பெரிதாகிவிட்டது என்பதை நாம் உணரவில்லை.

தோழர்களே! 2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 25-ஆம் தேதி காலையில் ஜொகூர் பாருவில் நடந்ததைச் சொல்கிறேன். சுல்தானா அமினா ஆஸ்பத்திரி, யுத்தத்துக்கு முந்திய காலத்துப் பெரிய கட்டடம். அதன் தீவிர சிகிச்சைப் பகுதியில் தீப்பிடித்தது. அங்கே படுத்திருந்தவர்கள் எழுந்து நடக்க முடியாதவர்கள். சிலர் மூச்சு விடுவதற்கே இயந்திரத்தின் உதவி தேவைப்பட்டவர்கள். பணியாளர்கள் உயிரைப் பணயம் வைத்து நோயாளிகளை வெளியே கொண்டு வந்தார்கள். அப்படியிருந்தும் ஆறு நோயாளிகள் இறந்துபோனார்கள். பிழைப்பதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஆறு பேர், வியாதியால் அல்ல, தீயாலும் புகையாலும் மாண்டார்கள்.

ஓய்வுபெற்ற அப்பீல் கோர்ட்டு நீதிபதி ஹிஷாமுடின் யூனுஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை உடனே மக்கள் கைக்கு வரவில்லை. 2020-இல்தான் வெளியே வந்தது. தீப்பிடித்த நேரத்தில் அந்த ஆஸ்பத்திரிக்குத் தீயணைப்பு இலாகாவின் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கவில்லை என்பது அப்போது எல்லோருக்கும் தெரிய வந்தது. 1988-ஆம் ஆண்டின் தீயணைப்புச் சட்டப்படி, குறிப்பிட்ட வகைக் கட்டடங்கள் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டு இந்தச் சான்றிதழைப் பெற வேண்டும். ஆஸ்பத்திரியும் அந்த வகையில் சேர்ந்ததுதான். ஒரு சாதாரணக் கடைக்காரர் லைசென்ஸ் இல்லாமல் கடை திறந்தால் அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். நூற்றுக்கணக்கான நோயாளிகள் படுத்திருக்கும் இடத்துக்குச் சான்றிதழ் உண்டா என்று நம்மில் எவரும் கேட்டதில்லை. 2020 ஜூன் மாதத்தில் அதே ஆஸ்பத்திரியில் மறுபடியும் தீப்பிடித்தது. அந்தத் தடவை உயிர்ச்சேதம் இல்லை. அதிர்ஷ்டத்தை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியுமா?

ஆஸ்பத்திரித் தீ மற்றத் தீயைப் போன்றதல்ல. ஏன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் காரணம், நோயாளி ஓட முடியாது. சினிமாக் கொட்டகையில் தீப்பிடித்தால் ஓடலாம். கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டவர் எங்கே ஓடுவார்? இரத்தம் ஏறிக்கொண்டிருப்பவர் எப்படி ஓடுவார்? ஆகவே ஆஸ்பத்திரியில், "மணி அடித்ததும் எல்லோரும் கீழே இறங்கு" என்ற திட்டம் உதவாது. ஒரே மாடியில், தீயையும் புகையையும் தடுக்கும் கனமான கதவுக்கு அப்பால் இருக்கும் அடுத்த பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவதே முதல் வேலை. அது முடியாதபோதுதான் படிக்கட்டு. அந்தக் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. காற்றுக்காக என்று அவற்றின் கீழே மரக்கட்டையையோ நாற்காலியையோ வைத்துத் திறந்தே விட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு மரக்கட்டை ஒரு வார்டையே கொல்லும்.

இரண்டாவது காரணம், பிராணவாயு. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு. குழாயிலிருந்தோ முகமூடியிலிருந்தோ பிராணவாயு கசிந்து, அறையில் இந்த அளவு சில பங்கு கூடினாலே போதும். சாதாரணமாகப் புகைந்து அணையும் துணியும் மெத்தையும் குபீரென்று எரியும். எண்ணெயும் கிரீஸும் பட்ட கையால் பிராணவாயு உருளையின் வாயைத் தொடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். வார்டுக்கு வெளியே, சுவரில், அந்த வார்டுக்குப் போகும் பிராணவாயுவை நிறுத்தும் பிடி ஒன்று இருக்கும். அதை யார் திருப்ப வேண்டும், எப்போது திருப்ப வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நோயாளியின் உயிர் அதே குழாயில் இருப்பதால், கண்டவர் எல்லாம் அதைத் திருப்பவும் கூடாது.

மூன்றாவது காரணம், புகை. தோட்டத்துப் புகைக் கொட்டகையில் ரப்பர் ரொட்டி காயவைத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அடியில் கட்டை கனன்றுகொண்டிருக்கும்; மேலே ரொட்டி தொங்கும். புகை எங்கே போய் நிற்கிறது? கூரைக்கு அடியில் திரண்டு, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. கொட்டகைக்குள் போகிறவர் குனிந்து போவார். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். ஆனால் அங்கே எரிவது கித்தாக் கட்டை அல்ல. பிளாஸ்டிக்கும் பஞ்சு மெத்தையும். அந்தப் புகை விஷம். தீ எட்டாத இடத்தில் இருப்பவரையும் அது சில நிமிஷங்களில் மயக்கிக் கொன்றுவிடும்.

இதற்குச் சாட்சி கல்கத்தா. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி விடியற்காலையில், தாக்குரியா என்ற பகுதியிலுள்ள ஆம்ரி ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தது. அது நவீனமான, பணக்காரர்கள் போகும் தனியார் ஆஸ்பத்திரி. கார் நிறுத்த வேண்டிய நிலவறையில் எரியக்கூடிய சாமான்களைக் குவித்து வைத்திருந்தார்கள். தீ அங்கேதான் பிடித்தது. குளிர்சாதனக் குழாய்களின் வழியாகப் புகை மேல்மாடிகளுக்கு ஏறியது. ஜன்னல்களோ திறக்க முடியாத கண்ணாடி. தூக்கத்திலிருந்த நோயாளிகள் ஏறத்தாழத் தொண்ணூறு பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். பெரும்பாலோரைத் தீ தொடவே இல்லை.

அந்தக் கதையில் இரண்டு விஷயங்களை நாம் மறக்கக் கூடாது. பக்கத்துச் சேரியில் வாழ்ந்த ஏழைகள்தான் முதலில் புகையைப் பார்த்து ஓடிவந்தார்கள். காவலாளிகள் அவர்களை வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்று செய்திகள் கூறின. பிறகு, அதே சேரி வாலிபர்கள்தான் ஏறிக் கண்ணாடியை உடைத்து நோயாளிகளை இறக்கினார்கள். மற்றொன்று: கேரளத்திலிருந்து அங்கே வேலைக்குப் போயிருந்த இரண்டு இளம் நர்ஸுகள் தங்கள் வார்டு நோயாளிகளில் பலரை வெளியே கொண்டு வந்து சேர்த்துவிட்டு, மிஞ்சியவர்களுக்காக மறுபடி உள்ளே போய் மாண்டார்கள். ஆபத்துக் காலத்தில் முன்னே நிற்பவர்கள் யார் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். சம்பளம் குறைந்தவர்கள், சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள், சேரியில் இருப்பவர்கள்.

தமிழ்நாட்டிலும் பாருங்கள். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி இரவு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தது. லிப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்கள் உட்பட குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். தீப்பிடித்தால் லிப்டில் ஏறக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கும். நோயாளிக்கோ மாடிப்படி இறங்க முடியாது. எழுதி வைத்தால் போதுமா? படி இறங்க முடியாதவரை இறக்கிக் கொண்டுபோக ஆள் உண்டா, தூக்கு விரிப்பு உண்டா, பழக்கம் உண்டா என்பதல்லவா கேள்வி?

இன்னொன்று உண்டு, சொல்லவே நெஞ்சு நடுங்குகிறது. இராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள ஏர்வாடியில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி, மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்து 28 பேர் கருகிப் போனார்கள். ஓலைக் கொட்டகை. அவர்கள் ஓடியிருக்கலாம், கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். பூட்டும் சங்கிலியும் யாரைக் காப்பாற்றுகின்றன, யாரைக் கொல்கின்றன என்பதை ஏர்வாடி காட்டிவிட்டது. இன்றைக்கும் திருட்டுப் பயத்தால் பின்படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை எங்கோ ஒரு மேஜை அறையில் வைத்திருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம். திருட்டுப்போன சாமானை வாங்கிக்கொள்ளலாம். போன உயிரை எந்தக் கடையில் வாங்குவது?

தீயைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதீர்கள். தண்ணீரும் அப்படித்தான். லூமுட் கடலோரத்து ஊர். மழைக்காலமும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். 2014 டிசம்பரில் கிளந்தானில் வந்த பெருவெள்ளத்தில் கோலக் கிராய் ஆஸ்பத்திரி வெள்ளத்தின் நடுவே தீவாகிப்போயிற்று. நோயாளிகளை ஆகாய மார்க்கமாக அப்புறப்படுத்த வேண்டி வந்தது. மறு ஆண்டு டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தில், ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்து மின்சாரம் நின்றது. 18 நோயாளிகள் இறந்தார்கள். அவர்கள் முன்பே கவலைக்கிடமாக இருந்தவர்கள் என்று நிர்வாகம் கூறியது. இருக்கலாம். ஆனால், செயற்கைச் சுவாச இயந்திரத்தில் இருக்கும் நோயாளிக்கு மின்சாரமே மூச்சு. அந்த மூச்சைக் கொடுக்கும் ஜெனரேட்டரைத் தண்ணீர் முதலில் புகும் தாழ்வான இடத்தில் வைப்பது என்ன புத்தி? ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது. எண்ணெய் நிரப்பி, அடிக்கடி ஓட்டிப் பார்த்து, உயரமான இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

"பழைய கட்டடம்தான் ஆபத்து, புதிதாகக் கட்டிவிட்டால் கவலையில்லை" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. ஜொகூர் பாரு பாண்டானில் கோடிக்கணக்கான வெள்ளி செலவில் கட்டப்பட்ட சுல்தான் இஸ்மாயில் ஆஸ்பத்திரி, திறந்த கொஞ்ச காலத்திலேயே, 2004-இல், சுவரெல்லாம் பூஞ்சைக் காளான் பிடித்து மூடப்பட்டது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்சாதனம் சரியாக அமையாவிட்டால் சுவரில் நீர் பூத்து, காளான் படரும். எதிர்ப்புச் சக்தி இழந்த நோயாளியின் நுரையீரலுக்குள் அந்தக் காளான் தூள் போனால் அதுவே எமன். ஆகவே பழசு புதுசு என்பதல்ல விஷயம். தினமும் பார்க்கிறோமா, பழுதைப் பழுது என்று எழுதி வைக்கிறோமா, எழுதியதைச் சரிசெய்கிறோமா என்பதுதான் விஷயம்.

பெரிய விபத்து பத்திரிகையில் வரும். சிறிய விபத்து வராது. ஆனால் தினமும் நடப்பது அதுதான். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கிழவி. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாமல் விழுந்த கிழவர். சக்கரத்தின் தடையைப் போடாமல் விட்டதால் நகர்ந்துபோன கட்டில். குப்பைப் பையில் கிடந்த ஊசி குத்திய துப்புரவுச் சகோதரி. உபயோகித்த ஊசி, தடித்த மஞ்சள் பெட்டிக்குள் போக வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் அதை மூட வேண்டும். இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில் போக வேண்டும். சாதாரணக் குப்பை கறுப்புப் பையில். யாரோ ஒருவர் அவசரத்தில் ஊசியைக் கறுப்புப் பையில் போட்டுவிட்டால், அதைத் தூக்குகிறவரின் தொடையில் குத்துகிறது. மஞ்சள் காமாலைக் கிருமியும் எயிட்ஸ் கிருமியும் அந்த ஊசி முனையில் இருக்கலாம். குத்திய உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, மேலதிகாரியிடம் சொல்லி, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். நாளைக்கு என்று தள்ளக் கூடாது. சில தடுப்பு மருந்துகளை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்.

இப்போது ஆஸ்பத்திரிப் பணியாளர்களான சகோதர சகோதரிகளுக்கு வருகிறேன். 1996-இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் குப்பை அகற்றுதல், கட்டடப் பராமரிப்பு, வைத்தியக் கருவிப் பராமரிப்பு ஆகிய ஐந்து வேலைகளும் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. கட்டடத்தின் பாதுகாப்பு என்று நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் இந்த ஐந்து வேலைகளுக்குள் வந்துவிடுவதைக் கவனியுங்கள். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு நம் வீட்டுப் பெண்கள் பலர் வாளியும் துடைப்பமும் ஏந்தி இந்த வேலைக்குத்தான் போனார்கள். ஒரு வார்டில் எந்தச் சுவிட்சு சூடாகிறது, எந்தக் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது, எந்தக் கதவு மூடவில்லை, எந்தப் படிக்கட்டில் பழைய கட்டில்களை அடுக்கியிருக்கிறார்கள் என்பதை டைரக்டரைவிடக் கூட்டித் துடைக்கும் சகோதரிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவரிடம் கேட்பார் இல்லை. அவரே வலியச் சொன்னாலோ, "நீ உன் வேலையைப் பார்" என்ற பதில் வருகிறது. ஒப்பந்தம் முடிந்தால் வேலை இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தில் வாய் மூடிக்கொள்கிறார். வேலை நிரந்தரமில்லாதவர் ஆபத்தை எடுத்துச் சொல்லத் தயங்குவார். அவர் தயங்கினால் நோயாளிக்கு ஆபத்து. ஆகவே துப்புரவுத் தொழிலாளியின் வேலைப் பாதுகாப்பும் நோயாளியின் உயிர்ப் பாதுகாப்பும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள்.

2020 ஜூன் 2-ஆம் தேதி ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரி வாசலில், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக அமைதியாக மறியல் செய்த சங்க ஊழியர்கள் ஐந்து பேரைப் போலீசார் கைது செய்தார்கள். கொள்ளை நோய் பரவிக்கொண்டிருந்த ஆண்டு. கிருமி படிந்த தரையைத் துடைத்தவர்கள் அவர்கள். மற்றவர்களை வீட்டில் இருக்கச் சொன்னபோது அவர்கள் மட்டும் வார்டுக்குள் போனார்கள். பேராக் மாநிலத்துத் தொழிலாளர்கள் அந்த நாளை மறக்க மாட்டார்கள்.

சட்டம் நமக்கு இடம் கொடுக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் முதல் தேதி அமுலுக்கு வந்த சட்டத்தில் மேலும் சில அம்சங்கள் உண்டு. உடனடியான ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரும், "அது காண்டிராக்டர் பொறுப்பு" என்று கை கழுவ முடியாது. அவருக்கும் கடமை உண்டு. அபராதத்தின் உச்ச வரம்பு ஐந்து லட்சம் வெள்ளி வரை உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆனால், தோழர்களே, சட்டப் புத்தகம் தானாக எழுந்து நடந்து வராது. கமிட்டி எங்கே, அதில் நம் ஆள் யார், கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டால்தான் அது உயிர் பெறும்.

இனி, காரியத்துக்கு வருவோம். கேட்டுவிட்டுக் கைதட்டிப் போவதற்காக நான் பேசவில்லை.

நோயாளியோடு போகிறவர்களுக்கு ஐந்து விஷயங்கள். ஒன்று: வார்டுக்குள் போனதும் நர்ஸிடம், "அம்மா, அவசரம் என்றால் எந்த வழியாக வெளியேறுவது?" என்று கேளுங்கள். அந்த வழியை ஒரு தடவை நடந்து பாருங்கள். இரண்டு: கைபேசிக்கு மின்சாரம் ஏற்றுவதற்காக வைத்தியக் கருவியின் கம்பியைப் பிடுங்காதீர்கள், ஒரே துளையில் நாலைந்து கம்பிகளைச் சொருகாதீர்கள். மூன்று: பிராணவாயு இருக்கும் இடத்தில் சிகரெட்டும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம்; சாமி படத்துக்குச் சூடம் கொளுத்துவதும் வேண்டாம். ஆண்டவன் கோபிக்க மாட்டான். நான்கு: நடைவழியில் பாயும் பையும் பரப்பி வழியை அடைக்காதீர்கள். ஐந்து: தரையில் தண்ணீர் கண்டால் தாண்டிப் போகாமல் சொல்லுங்கள், வயதானவரைக் குளியலறைக்குத் தனியே அனுப்பாதீர்கள்.

பணியாளர்களுக்கு நான்கு படிகள். வரிசை மாறக் கூடாது. தீயைக் கண்டால், முதலில் ஆபத்தில் இருப்பவரை அகற்று. இரண்டாவது, குரல் கொடு, மணியை அழுத்து, 999-க்குத் தகவல் போகச் செய். மூன்றாவது, கதவுகளை மூடு, புகையை அடை. நான்காவதுதான், முடிந்தால், சிறு தீயாக இருந்தால், அணை. அணைக்கும் கருவியில் ஊசியைப் பிடுங்கி, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேரே நீட்டி, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். ஜுவாலையின் உச்சியில் அடித்தால் வீண். உங்கள் முதுகுப் பக்கம் வெளியேறும் வழி இருக்கட்டும். பிறகு குறித்த இடத்தில் எல்லோரும் கூடிப் பெயர் கூப்பிட வேண்டும். தோட்டத்தில் விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தவர்கள் நாம். வேலைக்குப் போக ஆள் எண்ணினார்களே, அதைப் போல உயிர் பிழைத்து வந்த ஆளையும் எண்ண வேண்டும். ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால், தீயணைப்புப் படைக்கு உடனே சொல்லலாம்.

இந்தப் பயிற்சி இரவு வேலைக்காரர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேர்த்து நடத்தப்பட வேண்டும். பகலில், பெரியவர்கள் வரும் நாளில், படம் பிடிப்பதற்காக நடத்தும் பயிற்சி பயிற்சியாகாது. கல்கத்தாவில் தீ விடியற்காலையில் வந்தது. திண்டுக்கல்லில் இரவில் வந்தது. ஆள் குறைந்த நேரத்தில் வருவதுதான் ஆபத்து.

கடைசியாக, நம் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் குடியிருப்போர் சங்கங்களும் ஒன்று செய்யலாம். இந்த மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வயதானோர் இல்லங்களுக்கும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம். அதில் நாலு கேள்வி போதும். தீயணைப்பு இலாகாவின் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும்? கடைசி இரவுப் பயிற்சி எப்போது நடந்தது? ஜெனரேட்டர் வெள்ளம் எட்டாத இடத்தில் இருக்கிறதா? பாதுகாப்புக் கமிட்டியில் ஒப்பந்தத் தொழிலாளரின் பிரதிநிதி யார்? நல்ல நிர்வாகி இந்தக் கடிதத்தைக் கண்டு சந்தோஷப்படுவார். சான்றிதழுக்கும் புதிய கம்பிக்கும் வேண்டிய பணத்தை மேலிடத்தில் கேட்க அவருக்கும் இது ஓர் ஆதாரம். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவோம். அதற்கும் வராவிட்டால் சட்டமன்ற உறுப்பினரிடம் போவோம்.

"இதற்கெல்லாம் ஏது பணம்?" என்பார்கள். கதவுக்கடியில் இருக்கும் மரக்கட்டையை எடுக்கப் பணம் வேண்டாம். படிக்கட்டில் இருக்கும் பழைய கட்டிலை அகற்றப் பணம் வேண்டாம். பின்கதவுப் பூட்டைத் திறக்கப் பணம் வேண்டாம். முதலில் பணம் வேண்டாதவற்றைச் செய்யட்டும். பணம் வேண்டியவற்றுக்கு நாமும் சேர்ந்து குரல் கொடுப்போம். டாக்டர்களும் நர்ஸுகளும் நமக்கு எதிரிகள் அல்ல. தீப்பிடித்தால் அதே கூரையின் கீழ் நிற்பவர்கள் அவர்கள்.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் நல்ல தண்ணீர் வேண்டும், ஒழுகாத கூரை வேண்டும் என்று கேட்டபோது நம்மைப் பேராசைக்காரர்கள் என்றார்கள். கேட்டோம்; கிடைத்தது. இன்று, வியாதியில் படுத்த நம் தாய் தந்தையர் தீயிலும் புகையிலும் சாகாமல் வீடு திரும்ப வேண்டும் என்று கேட்கிறோம். இது பேராசை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. அந்தக் கடிதத்தை இந்த மாதத்திலேயே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.